பாட்டி சொன்ன நேரம்

என் அக்கா பிறந்தது 1943 மே 18, தஞ்சாவூரில். அப்பாவின் டைரியில் "காலை 6.15" என்று இருக்கும். பாட்டியோ, "அப்போ பொழுதே விடியலைடா. அரிக்கேன் வெளிச்சத்துலதான் கொழந்தை மொகத்தைப் பாத்தேன்" என்பாள். மே மாதம் எங்கள் ஊரில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் உதித்துவிடும். பாட்டிக்கு ஞாபகப் பிசகு என்று சிரிப்போம். 6.15-ஐ வைத்தே ரிஷப லக்னம் என்று ஜாதகமும் எழுதியாயிற்று.

ஓய்வு பெற்ற பிறகு லினக்ஸ் பழகினேன். கறுப்புத் திரையில் 'டேட்' என்று தட்டினால் இன்றைய தேதி, நேரம் வரும். பழைய தேதியைக் கொடுத்தால், அன்று இந்தியக் கடிகாரம் கிரீன்விச்சை விட எவ்வளவு முன்னால் ஓடியது என்பதையும் காட்டும். விளையாட்டாக 1900ஆம் வருடத்தைக் கேட்டேன். ஐந்தரை மணிக்குப் பதில் 5 மணி 21 நிமிடம் என்றது!

கணினி தப்பு செய்யவில்லை. அது உள்ளுக்குள் 1970 ஜனவரி 1 முதல் விநாடிகளை எண்ணுகிறது. முந்தைய காலத்துக்குக் கழித்தல் குறி. அதை ஊர் நேரமாக மாற்ற ஓர் அட்டவணையைப் பார்க்கிறது. 1980களில் ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கிய அதை இன்றும் தன்னார்வலர்கள் பராமரிக்கிறார்கள். அதில் இந்தியாவுக்கு 1905 முடியும்வரை இருப்பது மெட்ராஸ் நேரம். நுங்கம்பாக்கம் வானாய்வகத்தின் நேரம் அது. ரயில்களும் அதன்படியே ஓடின. 1906 ஜனவரி 1 முதல்தான் ஐந்தரை மணிக் கணக்கு.

அடுத்து அக்காவின் பிறந்த தேதியைத் தட்டினேன். ஆறரை மணி என்று வந்தது.

அட்டவணையைத் திறந்து பார்த்தபோது விளங்கியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை, இந்தியக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கப்பட்டிருந்தன. அப்பா எழுதிய 6.15, நம் இன்றைய கணக்கில் 5.15. சூரியன் வர இன்னும் அரை மணிக்கு மேல் இருந்தது. லக்னமும் ரிஷபம் அல்ல, மேஷம்.

அக்காவுக்குப் போன் செய்தேன். "எண்பது வயசுக்கு மேல லக்னம் மாறி என்னடா ஆகப்போவுது?" என்று சிரித்தாள். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "பாவம்டா பாட்டி. எத்தனை தடவை சொன்னா!" என்றாள்.

அப்பா பார்த்தது கடிகாரத்தை, பாட்டி பார்த்தது வானத்தை. இருவர் சொன்னதும் சரிதான். ஆனால் பாட்டியிடம் அதைச் சொல்ல இப்போது அவள் இல்லை.