ஓராண்டுப் பணி: சேவைச் சங்கங்களின் செயல்முறை உருவான வரலாறு

தமிழ்நாட்டின் சிறு நகரம் எதற்குள் நுழைந்தாலும் பேருந்து நிறுத்தத்து நிழற்குடையிலோ, அரசுப் பள்ளியின் குடிநீர்த் தொட்டியிலோ, எரிவாயு தகன மேடையின் முகப்பிலோ பற்சக்கரச் சின்னமும் அதன் கீழ் ஒரு தலைவரின் பெயரும் ஓர் ஆண்டின் எண்ணும் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். ஜூலை முதல் நாளில் புதிய நிர்வாகிகளின் ஆண்டு தொடங்கும். அடுத்த ஜூன் முடிவதற்குள் கண் சிகிச்சை முகாம், ரத்ததான முகாம், தையல் இயந்திரம் வழங்குதல், மரக்கன்று நடுதல் என ஒரு வரிசைப் பணிகள் நடந்தேறும். அவை சங்கத்தின் செய்தி மடலில் படங்களோடு வெளியாகும். பிறகு பொறுப்பு அடுத்தவர் கைக்கு மாறும். ஒரு தலைவர், ஓர் ஆண்டு, முடித்துக் காட்டக்கூடிய சில திட்டங்கள் என்னும் இந்த ஒழுங்கு தொண்டு என்ற கருத்தோடு இயல்பாகவே பிறந்தது அன்று. 1905-க்கும் 1923-க்கும் இடையில் அமெரிக்காவின் நடுமேற்கு நகரங்களில் நிகழ்ந்த சில வாக்குவாதங்களின் விளைவாக உருவானது. அந்த ஒழுங்கை உலகுக்கு அளித்த ரோட்டரி சங்கம், தொடங்கப்பட்ட நாளில் சேவை என்ற எண்ணமே இல்லாத ஒன்றாக இருந்தது.

1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவின் டியர்பார்ன் தெருவில், யூனிட்டி கட்டடத்தின் 711-ஆம் எண் அறையில் நால்வர் கூடினர். வழக்கறிஞர் பால் ஹாரிஸ், நிலக்கரி வணிகர் சில்வெஸ்டர் ஷீலே, சுரங்கப் பொறியாளர் குஸ்தாவஸ் லோர், தையற்கடை நடத்திய ஹிராம் ஷோரே ஆகிய அந்நால்வரும் பெருநகரத்துக்கு வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஹாரிஸ் வெர்மான்ட் மாநிலத்தின் வாலிங்போர்டு என்ற சிற்றூரில் பாட்டன் பாட்டி வீட்டில் வளர்ந்தவர். சிற்றூரில் ஒருவரையொருவர் அறிந்திருந்ததால் கிடைத்த நம்பிக்கையையும் வாடிக்கையையும் முகம் தெரியாத நகரத்தில் மீட்டுக்கொள்வதே அவர்களது நோக்கம். கூட்டம் ஒவ்வோர் உறுப்பினரின் பணியிடத்திலும் முறை வைத்துச் சுழன்று நடந்ததால் சங்கத்துக்குச் சுழற்சியைக் குறிக்கும் பெயர் அமைந்தது. ஒரு தொழிலுக்கு ஒரே உறுப்பினர் என்பது அதன் அடிப்படை விதி. பிற்காலத்தார் இதைப் பல துறையினரையும் ஒன்றுசேர்க்கும் ஏற்பாடு என்று விளக்கினாலும், தொடக்கத்தில் அதன் பயன் வேறு: சங்கத்தில் நிலக்கரி வணிகர் ஒருவர்தான் என்றால் மற்ற உறுப்பினர் அனைவரது நிலக்கரியும் அவர் கடையிலிருந்தே வரும். உறுப்பினர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட வணிகத்தைக் கணக்கெடுத்துப் பதிவதற்கென்றே ஒரு பொறுப்பாளர்கூட இருந்தார். 1906-இல் எழுதப்பட்ட விதிகள் உறுப்பினரின் தொழில் நலம், தோழமை ஆகிய இரண்டை மட்டுமே நோக்கங்களாகக் கூறின.

மூன்றாவது நோக்கம் வெளியிலிருந்து வந்தது. அதே ஆண்டில் காப்புரிமை வழக்கறிஞரான டொனால்ட் கார்ட்டரைச் சேர்க்க முயன்றபோது, உறுப்பினரின் ஆதாயத்தைத் தவிர வேறெதையும் நாடாத அமைப்பு நிலைக்காது என்று கூறி அவர் முதலில் மறுத்தார். மறுத்தவரையே திருத்தம் எழுதித் தருமாறு கேட்டுச் சேர்த்துக்கொண்டனர். சிகாகோ நகரின் நலனை வளர்த்தல் என்ற நோக்கம் விதிகளில் இடம்பெற்றது. சங்கத்தின் பிற்கால வரலாறு முழுவதற்கும் நிறுவனர் ஒருவரையே காரணராகக் காட்டும் வழக்கம் உண்டு. ஆயினும் இந்த ஒரு திருப்பத்தில் பெருமை, சேரத் தயங்கிய ஒருவருக்கே உரியது.

புதிய நோக்கம் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 1907-இல் தலைவர் பொறுப்புக்கு வந்த ஹாரிஸ் தேர்ந்துகொண்ட பணி பொதுக் கழிப்பிடம். அன்றைய சிகாகோவின் வணிகப் பகுதியில் வேலைக்கும் கடைவீதிக்கும் நாள்தோறும் பெருந்திரளானோர் வந்துபோனபோதிலும் இயற்கைக் கடனைக் கழிக்க நகராட்சி கட்டிய இடம் எதுவும் இல்லை. ரோட்டரி சங்கம் நகரின் பிற குடிமை அமைப்புகளைக் கூட்டி ஒரு குழு அமைத்து நகராட்சியிடம் இக்கோரிக்கையை வைத்தது. எதிர்ப்பு இரண்டு பக்கங்களிலிருந்து எழுந்தது. நகரின் ஆயிரக்கணக்கான மதுக்கடைகளில் ஆண்கள் இலவசமாக அவ்வசதியைப் பெறுகிறார்கள் என்றனர் மது உற்பத்தியாளர்கள். ஸ்டேட் தெருவின் பெரிய அங்காடிகள் பெண்களுக்குத் தங்கள் கழிப்பறைகள் திறந்தே இருக்கின்றன என்றன. மதுக்கடைக்குள் போகும் ஆண் ஒரு குவளை பீராவது வாங்க நேர்வதும், அங்காடிக்குள் போகும் பெண் ஏதேனும் பொருள் வாங்கியாக வேண்டும் என்று கூச்சப்படுவதும் அவ்வாதங்களில் மறைக்கப்பட்டிருந்தன. இலவசம் எனப்பட்டது உண்மையில் வாடிக்கையாளரை உள்ளே இழுக்கும் வழியாக இருந்ததால்தான் அதைக் காக்க இத்தனை முயற்சி. இரண்டாண்டு இழுபறிக்குப் பின் நகராட்சி பணம் ஒதுக்கியது. 1909-இல் வாஷிங்டன், லாசால் தெருக்கள் சந்திக்கும் இடத்தில், நகர மன்றத்துக்கு அருகே கழிப்பிடம் அமைந்தது.

இந்த முதற்பணியின் அமைப்பு கவனத்துக்குரியது. சங்கம் கழிப்பிடத்தைத் தானே கட்டித் திறந்து கல்வெட்டு நாட்டவில்லை. அரசு செய்ய வேண்டியதை அரசைக்கொண்டே செய்விக்கப் பிறரைத் திரட்டியது. வணிகர்கள் நிறைந்த ஒரு சங்கம், நகரின் பெருவணிகர்களின் நலனுக்கு எதிரே நின்றது என்பதையும் மறக்க இயலாது. இத்தகைய துணிவு பிற்காலச் சேவைச் சங்கங்களின் திட்டப் பட்டியல்களில் அரிதாகவே தென்படுகிறது.

1908-இல் சான் பிரான்சிஸ்கோவில் இரண்டாவது சங்கம் தோன்றியது; 1910-இல் பதினாறு சங்கங்கள் இணைந்து தேசியக் கூட்டமைப்பு ஆயின; கனடாவின் வின்னிபெக், பின்னர் டப்ளின், லண்டன் என எல்லை விரிந்தது. 1915-இல் டெட்ராய்ட்டில் தோன்றிய கிவானிஸ் சங்கமும் உறுப்பினர் தமக்குள் வணிகம் செய்துகொள்வதற்கென்றே தொடங்கிச் சில ஆண்டுகளில் சேவைப் பாதைக்குத் திரும்பியது. 1917-இல் சிகாகோவின் காப்பீட்டு முகவர் மெல்வின் ஜோன்ஸ் முன்னின்று உருவாக்கிய லயன்ஸ் இயக்கம், தனி ஆதாயத்தைத் தொடக்கத்திலேயே விலக்கிவைத்தது. 1925-இல் ஹெலன் கெல்லர் ஒகையோ மாநிலத்தின் சீடார் பாயின்ட்டில் நடந்த அதன் மாநாட்டில் விடுத்த வேண்டுகோளால் பார்வைப் பணியைத் தன் அடையாளமாக்கிக்கொண்டது. தமிழ்நாட்டில் கண் சிகிச்சை முகாம் என்றதும் லயன்ஸ் சங்கத்தின் பெயர் நினைவுக்கு வருவதற்குக் காரணம் இதுவே.

ரோட்டரிக்குள் பெரும் வாக்குவாதத்தைக் கிளப்பியதும் ஒகையோவில் தொடங்கிய பணிதான். 1907-இல் எலிரியா நகரில் நிகழ்ந்த டிராம் வண்டி விபத்தில் மகனை இழந்த எட்கர் ஆலன் என்ற வணிகர், அவ்வூரில் போதிய மருத்துவ வசதி இல்லாமையே மரணங்களுக்குக் காரணம் எனக் கருதித் தொழிலை விட்டு மருத்துவமனை கட்ட நிதி திரட்டினார். மருத்துவமனை எழுந்தபின், கை கால் ஊனமுற்ற குழந்தைகள் பலர் வீட்டுக்குள் மறைத்துவைக்கப்பட்டிருப்பது அவருக்குத் தெரியவந்தது. ஒகையோ ரோட்டரி சங்கங்களின் துணையோடு 1919-இல் அவர் தொடங்கிய அமைப்பு விரைவில் தேசிய இயக்கமாயிற்று. ரோட்டரி முழுவதும் இப்பணியைத் தன் பொதுத் திட்டமாக ஏற்க வேண்டும் என ஒரு சாரார் வற்புறுத்த, எந்தத் திட்டத்தையும் எல்லாச் சங்கங்கள் மீதும் சுமத்தலாகாது என மற்றொரு சாரார் எதிர்த்தனர். அதன் அடியில் இன்னும் ஆழமான கேள்வி இருந்தது: சங்கம் என்பது உறுப்பினர் ஒவ்வொருவரையும் தத்தம் தொழிலிலும் வாழ்விலும் சேவை மனப்பான்மையோடு நடக்கப் பயிற்றும் இடமா, அல்லது தானே பணியில் இறங்கும் குழுவா?

1923-இல் செயின்ட் லூயிஸ் நகரில் கூடிய மாநாடு 34-ஆம் எண் தீர்மானத்தால் இக்கேள்விக்கு விடை கண்டது. இரு சாராரையும் அது ஓரளவு நிறைவுசெய்தது. சேவை என்பது முதலில் தனிமனிதர் கடைப்பிடிக்கும் நெறி. எனினும் நெறி செயலில் வெளிப்பட வேண்டுமாதலால் ஒவ்வொரு சங்கமும் ஆண்டுதோறும் ஒரு பெரிய சமுதாயப் பணியை மேற்கொள்ளலாம். அப்பணி ஆண்டுக்கு ஆண்டு மாறுவதும், இயன்றவரை நிதியாண்டு முடிவதற்குள் நிறைவுறுவதும் நன்று. எதைத் தேர்வது என்பது அந்தந்தச் சங்கத்தின் உரிமை. பிற அமைப்பொன்று செம்மையாகச் செய்துவரும் வேலையைத் தானும் செய்து இரட்டிப்பாக்குவது கூடாது. விளம்பரம் பணியின் முதன்மை நோக்கமாகக் கூடாது என்றும், தகுந்த பணிக்குத் தகுந்த விளம்பரம் தரலாம் என்றும் சேர்த்தே கூறிய இடத்தில் அதன் நாடித்துடிப்பு தெரிகிறது. உள்ளூர்ச் செய்தி மடல்களில் இன்றும் காணப்படும் படங்களும் பாராட்டுகளும் இந்த இரண்டாம் பாதியை உறுதியாகப் பற்றிக்கொண்டவை. முதற்பாதியின் நினைவு அவற்றில் சற்று மங்கலே.

இந்தியாவில் 1919-இல் கல்கத்தாவில் முதல் சங்கம் தொடங்கப்பட்டது. சென்னைக்கும் கொழும்புக்கும் அது வந்தது 1929-இல். கனடாவின் கால்கரியைச் சேர்ந்த ஜேம்ஸ் டேவிட்சன், 1928-இல் புறப்பட்டு மேற்காசியாவிலிருந்து மலாயா வரை ஏறத்தாழ மூன்றாண்டுகள் பயணம் செய்து சங்கங்களை நிறுவியவர். பினாங்கு, ஈப்போ, கோலாலம்பூர், சிங்கப்பூர்ச் சங்கங்களும் அப்பயணத்தில் உருவானவையே. 1832-இல் தொடங்கிய மெட்ராஸ் கிளப் இந்தியரை உறுப்பினராகச் சேர்க்காத காலம் அது. இரு இனத்தாரும் பழகுவதற்கென்றே 1873-இல் காஸ்மாபாலிடன் கிளப் தோன்ற வேண்டியிருந்தது. அச்சூழலில் வெள்ளையரும் இந்தியரும் சீனரும் மலாய்க்காரரும் ஒரே மேசையில் உண்ணும் சங்கங்களையே டேவிட்சன் அமைத்தார். ஆங்கிலம் பேசும் மேல்தட்டுக்குள் மட்டுமே அச்சமத்துவம் நிலவியது உண்மையாயினும், அக்கால அளவுகோலில் அது சிறிய மாற்றமன்று. பெண்களுக்கு அக்கதவு திறக்க மேலும் அறுபதாண்டு ஆயிற்று. மூன்று பெண்களைச் சேர்த்ததற்காக 1978-இல் நீக்கப்பட்ட கலிபோர்னியாவின் டுவார்ட்டே சங்கம் வழக்காடி, 1987-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வென்றது; 1989-இல் உலகெங்கும் விதி மாற்றப்பட்டது.

ஓராண்டு ஒழுங்கின் வரம்பு வெளிப்பட்டது போலியோ ஒழிப்பில். 1979-இல் பிலிப்பைன்ஸில் ஏறத்தாழ 60 லட்சம் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து அளிக்க ரோட்டரி மேற்கொண்ட திட்டம் ஐந்தாண்டு கால எல்லை உடையது. தலைவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை மாறும் அமைப்பில், முந்தையவர் தொடங்கியதைப் பல ஆண்டுகள் சுமக்கும் கடப்பாட்டைப் பின்வருவோர் அனைவரும் ஏற்றாக வேண்டியிருந்தது. 1985-இல் அது உலகளாவிய திட்டமாக்கப்பட்டு, 12 கோடி டாலர் இலக்கு வைக்கப்பட்டது. 1988-க்குள் அதைப் போல இரு மடங்கு சேர்ந்தது. அதே ஆண்டில் உலக சுகாதாரப் பேரவை போலியோவை ஒழிக்கத் தீர்மானித்தபோது நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் நோய் நிலவியது.

இதில் தமிழ்நாட்டின் பங்கு பொதுவாக அறியப்பட்டதைவிடப் பெரிது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் நச்சுயிரியல் அறிஞர் டி. ஜேக்கப் ஜான், ஒரு வட்டாரத்துக் குழந்தைகள் அனைவருக்கும் குறுகிய கால இடைவெளிக்குள் ஒருசேரச் சொட்டு மருந்து அளித்து, இதனை ஆண்டுதோறும் மீண்டும் செய்தால் நோய்க்கிருமி பரவ இடமின்றிப் போகும் என்று கருதினார். இம்முறையே பின்னர்ப் பல்ஸ் போலியோ என அறியப்பட்டது. வேலூர் நகரில் இது செயல்படுத்தப்பட்டபோது உள்ளூர் ரோட்டரி சங்கத்தினர் துணைநின்றனர். அதன் முடிவுகள் 1983-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியாயின. 1995 டிசம்பரில் இந்திய அரசு இதே முறையை நாடெங்கும் தொடங்கியது. மருந்தைக் குளிர்பெட்டியில் சுமந்து செல்வது, முகாமில் அமர்வது, மருந்து பெற்ற குழந்தையின் சுண்டுவிரலில் மை இடுவது, மறுநாள் வீடுவீடாகச் சென்று விடுபட்டோரைத் தேடுவது ஆகியவற்றில் சுகாதாரப் பணியாளரோடு சங்கத்தினரும் ஈடுபட்டனர். இவ்வேலையில் திறந்துவைக்கக் கட்டடமும் இல்லை, ஜூன் மாதத்துக்குள் முடிந்துவிட்டதாக அறிவிக்க வழியும் இல்லை. 2009-இல்கூட இந்தியாவில் 741 குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். 2011 ஜனவரியில் ஹவுராவில் கண்டறியப்பட்டதே இறுதிப் பாதிப்பு. 2014 மார்ச் 27 அன்று தென்கிழக்கு ஆசிய மண்டலத்துடன் இந்தியாவுக்கும் போலியோ அற்ற நிலைக்கான சான்று கிடைத்தது. இயற்கையான போலியோ கிருமி பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் முற்றாக நீங்காததால் அத்திட்டம் இன்றும் முடிவுபெறவில்லை. ஆண்டுதோறும் புதிதாகப் பொறுப்பேற்கும் ஒவ்வொரு தலைவரும், தாம் தேர்ந்தெடுக்காத அப்பணியைத் தம் ஓராண்டுத் திட்டங்களோடு சேர்த்தே ஏற்றுக்கொள்கிறார்.