கட்டிக் கொடுத்த வீடும் பழுது பார்த்த வீடும்

1985இல், தென் ஆஸ்திரேலியாவின் வடமேற்கு மூலையில் உள்ள ங்கானம்பா சுகாதார மன்றத்தின் இயக்குநர் யாமி லெஸ்டர் மூன்று பேரிடம் ஒரு பொறுப்பை ஒப்படைத்தார். அவர் யங்குனிஜாரா பழங்குடியைச் சேர்ந்தவர், பார்வை இழந்தவர். மருந்து கொடுக்கக் கொடுக்கக் குழந்தைகளுக்குக் கண்ணிலும் தோலிலும் காதிலும் தொற்று திரும்பி வந்துகொண்டிருந்தது. நோய் வருவதற்கு முன்பே தடுக்க வழி காண வேண்டும் என்பது அவர் கேட்டது. மருத்துவர் பால் டார்சில்லோ, கட்டடக் கலைஞர் பால் ஃபொலெரோஸ், சுற்றுச்சூழல் சுகாதாரப் பணியாளர் ஸ்டீஃபன் ரைனோ மூவரும் அப்பகுதிப் பழங்குடி மக்களோடு சேர்ந்து வீடு வீடாக இறங்கினார்கள். ‘ஹவுசிங் ஃபார் ஹெல்த்’ என்ற திட்டம் அப்படிப் பிறந்தது.

இன்னொன்று, 2008இல் ஆஸ்திரேலியாவின் வட பிரதேசப் பழங்குடி ஊர்களுக்காக அறிவிக்கப்பட்ட ‘சிஹிப்’ என்ற வீடு கட்டும் திட்டம். 67.2 கோடி ஆஸ்திரேலிய டாலர், 750 புது வீடுகள், 230 மறுகட்டுமானம், 2,500 வீடுகளுக்குச் சீரமைப்பு. பெரிய கட்டுமான நிறுவனங்களின் கூட்டணிகளிடம் வேலை போயிற்று. புது வீடு வேண்டுமானால் ஊர் நிலத்தை அரசுக்கு நீண்டகாலக் குத்தகைக்கு எழுதித் தர வேண்டும் என்று நிபந்தனை. ஓராண்டு கடந்தும் ஒரு புது வீடுகூட எழும்பவில்லை. பப்புன்யா பகுதியிலிருந்து வந்த பழங்குடிப் பெண்ணும் வட பிரதேச அமைச்சருமான அலிசன் ஆண்டர்சன், பணத்தின் பெரும்பகுதி நிர்வாகத்திலேயே கரைகிறது என்று குற்றஞ்சாட்டி 2009 ஆகஸ்டில் ஆளுங்கட்சியை விட்டே வெளியேறினார். பிறகு மேற்பார்வை இறுகியது, வீடுகளும் எழுந்தன. அதை மறைப்பது நியாயமல்ல.

முதல் திட்டத்தின் நடைமுறையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். குழுவில் முக்கால்வாசிப் பேர் அந்தந்த ஊர்ப் பழங்குடியினர். பயிற்சி பெற்று, கையில் கருவியோடு வீட்டுக்குள் போகிறார்கள். பிளக் பாயிண்டில் டெஸ்டரைச் செருகி எர்த் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஷவரைத் திறந்து வெந்நீர் வருகிறதா, விழுந்த நீர் வடிகிறதா என்று குறித்துக்கொள்கிறார்கள். எலக்ட்ரீஷியனும் பிளம்பரும் கூடவே வருகிறார்கள். உயிருக்கு ஆபத்தான மின்பழுது அன்றே சரியாகிவிடும். சரிசெய்யாமல் கணக்கெடுக்கக் கூடாது என்பது திட்டத்தின் மாறாத விதி. ஆய்வென்று வந்து எழுதிக்கொண்டு போனவர்களை ஏராளமாகப் பார்த்த மக்களுக்கு இந்த ஒரு விதியே நம்பிக்கை தந்திருக்கும்.

இந்தச் சோதனைகள் ஒரு பழியையும் துடைத்தன. பழங்குடியினர் வீட்டை நாசம் செய்கிறார்கள் என்பது அங்கே நெடுநாள் பேச்சு. பழுதுகளின் காரணத்தைத் தனித்தனியே பதிந்தபோது, குடியிருப்போரால் நேர்ந்த சேதம் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பெரும்பகுதிக்குக் காரணம் பராமரிப்பின்மை. அடுத்தது மோசமான கட்டுமானம். பாலைவன நிலத்தடி நீரில் உப்பு அதிகம். அது ஹீட்டருக்குள் படிந்து அடைத்துக்கொள்ளும். அங்கே குளிப்பவர் அதற்கு என்ன செய்வார்?

நியூ சவுத் வேல்ஸ் சுகாதாரத் துறை இந்த முறையில் தான் செய்த பத்தாண்டுப் பணியை மதிப்பிட்டு 2010இல் வெளியிட்டது. இப்படிப் பழுது பார்த்த வீடுகளில் வாழ்ந்தவர்கள் தொற்றுநோய்க்காக மருத்துவமனையில் சேர்வது, பணி நடக்காத கிராமப்புறப் பழங்குடியினரோடு ஒப்பிட்டால், 40 விழுக்காடு குறைவு.

ஆனால் குழாயைத் திருத்துவதால் ஓர் அறை கூடிவிடாது. ஒரே வீட்டில் பத்துப் பதினைந்து பேர் நெருக்கியடிக்கும் ஊர்களில் புது வீடு இல்லாமல் விடிவில்லை. அந்த வகையில் சிஹிப் எடுத்துக்கொண்ட வேலை தேவையானதுதான். வீட்டுச் சாவியைக் கொடுத்த பிறகு அந்த வீட்டுக்கு யார் பொறுப்பு என்பதில்தான் அது கோட்டைவிட்டது. முன்பு ஊர் அமைப்புகள் கவனித்த வீடுகளுக்கு வட பிரதேச அரசே உரிமையாளரானது. சாண்டா தெரசா ஊரில் ஒரு மூதாட்டியின் வீடு 68 மாதம் பின்கதவு இல்லாமல் கிடந்தது. அவரும் ஊராரும் அரசின் மீது வழக்குத் தொடுத்தார்கள். அந்த மனவேதனைக்கு இழப்பீடு உண்டு என்று ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்தபோது அவர் உயிரோடில்லை. ஊரிலேயே ஒரு தச்சரை நியமித்திருந்தால் ஒரு பகலில் முடிந்திருக்கும் வேலை அது.

2024இல் மத்திய அரசும் வட பிரதேச அரசும் சேர்ந்து அங்குள்ள வீடுகளுக்குப் பத்தாண்டுகளில் 400 கோடி டாலர் ஒதுக்கின. பழங்குடியினரின் நில மன்றங்களும் வீட்டுவசதி அமைப்பும் இம்முறை ஒப்பந்தத்தில் பங்காளிகள். எத்தனை வீடு எழும்பியது என்ற கணக்கு ஆண்டுதோறும் வந்துவிடும். எத்தனை வீட்டில் ஷவர் ஓடுகிறது, அதைத் திருத்த ஊரிலேயே எத்தனை பேருக்கு நிரந்தரச் சம்பளம் என்ற கணக்கையும் அந்தப் பங்காளிகள் கேட்டு வாங்க வேண்டும்.