இடுப்புப் பையில் ஐந்து பொருள்

கன்றுத்தோலில் தைத்த சின்னப் பை. இடுப்புவாரோடு சேர்த்தே தைத்திருக்கிறார்கள். வாயை மெல்லிய தோல்வாரால் இழுத்துக் கட்டலாம். உள்ளே இருந்தவை ஐந்து: சுரண்டுவதற்கு ஒரு கல், துளை போட ஒரு கல், மெல்லிய கற்சில்லு ஒன்று, எலும்பில் தீட்டிய குத்தூசி, கறுத்துப்போன காளான் உருண்டை. இதைக் கட்டிக்கொண்டு நடந்த மனிதர் இறந்து சுமார் 5,300 வருஷம் ஆகிறது.

நான் ஆம்பூரில் ஷூ கம்பெனி ஒன்றில் தையல் பிரிவில் தரம் பார்ப்பவள். தோல் கண்காட்சிக்காக மிலான் போயிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலியாகக் கிடைத்தது. கூட வந்தவர்கள் வெனிஸுக்குக் கிளம்பினார்கள். நான் வெரோனாவில் ரயில் மாறி, மலையடிவாரத்து ஊரான போல்சானோவுக்குப் போனேன். அங்கே தொல்லியல் அருங்காட்சியகத்தில் அந்தப் பையின் சொந்தக்காரரை, ஓட்ஸியை, வைத்திருக்கிறார்கள். குளிர் மைனஸ் 6 டிகிரி, ஈரப்பதம் கிட்டத்தட்ட 100 சதவீதம் என்று வைத்துப் பாதுகாக்கும் அறை. சின்ன ஜன்னல் வழியாகத்தான் உடம்பைப் பார்க்க முடியும். அங்கேதான் கூட்டம். எனக்கு வேலை அடுத்த கண்ணாடிப் பெட்டிகளில் இருந்தது. அவர் உடுத்தியதும் சுமந்ததும் அங்கேதான்.

கதையின் முன்பகுதி பலருக்குத் தெரிந்திருக்கும். 1991 செப்டம்பர் 19 அன்று ஜெர்மனியின் நியூரம்பெர்க்கைச் சேர்ந்த தம்பதி ஆல்ப்ஸ் மலையில் 3,210 மீட்டர் உயரத்தில் திசென்யோக் கணவாய்ப் பக்கம் நடந்தபோது, உருகும் பனியிலிருந்து ஓர் உடம்பு பாதி வெளியே தெரிவதைக் கண்டார்கள். சமீபத்தில் விழுந்து செத்த மலையேறி என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அப்படி நினைத்ததால் எடுத்த விதமும் அப்படித்தான்: காற்றழுத்தத் துளைக்கருவி இடுப்பைக் கிழித்தது, கூடக் கிடந்த வில் இழுத்ததில் உடைந்தது. ஐந்தாம் நாள் இன்ஸ்ப்ரூக் பல்கலைக்கழகத்தின் கொன்ராட் ஸ்பிண்ட்லர் உடம்போடு கிடைத்த கோடாரியைப் பார்த்துவிட்டு, குறைந்தது நாலாயிரம் வருஷப் பழமை என்றார். கார்பன் கணக்கு அதையும் தாண்டிப் போனது. ஆஸ்திரியாவா இத்தாலியா என்ற சண்டையில் எல்லையை அளந்து பார்த்தால், கிடந்த இடம் இத்தாலிக்குள் 92.56 மீட்டர். ஆகவே 1998 முதல் போல்சானோவில்.

வயது நாற்பத்தைந்து போல. உயரம் 1.60 மீட்டர். உடம்பில் 61 பச்சைக்கோடுகள், பெரும்பாலும் வலி கண்ட மூட்டுகளின் மேலேயே. இதையெல்லாம் விளக்கப் பலகையில் படித்துவிட்டுப் பொருள்களிடம் வந்தேன்.

முதலில் நெருப்பு. பிர்ச் மரப்பட்டையை வளைத்துத் தைத்த இரண்டு குடுவைகள் அவரிடம் இருந்தன. ஒன்றின் உட்புறம் கறுத்திருந்தது. அதில் கரித்துண்டுகளும் மேப்பிள் இலைகளும் கிடைத்தன. பச்சையாகப் பறித்த இலைகள். தணலை இலையில் சுற்றி மரப்பட்டைக் குடுவைக்குள் வைத்தால் மணிக்கணக்கில் அணையாமல் கொண்டுபோகலாம். என் பாட்டி காலத்தில் எங்கள் தெருவில் அடுத்த வீட்டிலிருந்து கொட்டாங்கச்சியில் நெருப்பு வாங்கி வருவார்கள். இவர் அடுத்த வீடே இல்லாத மலையில் அதைச் செய்திருக்கிறார். தணல் அணைந்துபோனால்? அதற்குத்தான் இடுப்புப் பையிலிருந்த காளான். மரத்தில் வளரும் அந்தக் காளானின் சதையைப் பஞ்சாக்கினால் ஒரு பொறி விழுந்தாலே பற்றிக்கொள்ளும். அதன்மேல் பைரைட் தூள் ஒட்டியிருந்ததை நுண்ணோக்கியில் கண்டார்கள். பைரைட் கல்லை இன்னொரு கல்லால் உரசிப் பொறி எடுத்திருக்கிறார். ஓடுகிற நெருப்பு ஒன்று, மூட்டுகிற நெருப்பு ஒன்று. குடுவை கையிலோ முதுகிலோ இருந்திருக்கும், தொலைந்துபோகலாம். காளான் இடுப்பை விட்டு நகராது.

இன்னொரு காளானும் உண்டு. பிர்ச் மரத்தில் வருவது, தோல்வாரில் கோத்த இரண்டு துண்டு. அவர் குடலில் சாட்டைப்புழுவின் முட்டைகள் இருந்ததால், இது பூச்சிமருந்தாக இருந்திருக்கலாம் என்று 1998-இல் ஒரு ஆய்வாளர் எழுதினார். இருக்கலாம். எனக்கு மருந்தைவிட அதைக் கோத்த விதம் பிடித்தது. துளையிட்டு, வாரை நுழைத்து முடிச்சிட்டிருந்தது.

இனி என் துறை. 2016-இல் வெளியான மரபணு ஆய்வு ஒவ்வொரு தோலும் எந்த விலங்கினுடையது என்று சொல்லிவிட்டது. மேலங்கியில் ஆடும் செம்மறியும் கலந்து, குறைந்தது நான்கு உருப்படிகளின் தோல். கால்சட்டைக் குழாய்கள் ஆட்டுத்தோல். கோவணம் செம்மறி. தொப்பி கரடி. அம்பறாத்தூணி மான்தோல். செருப்பின் வார் மாட்டுத்தோல். வீட்டு விலங்கும் காட்டு விலங்கும் ஒரே உடம்பில். பதப்படுத்தியது கொழுப்பும் புகையும் கொண்டு. எங்கள் பக்கம் தோல்ஷாப்புகளில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் பல தலைமுறை ஊறின, பிறகு குரோம் வந்தது. இவர் தோலில் மரப்பட்டைச் சாயம் இல்லை. புகையில் காட்டிய ஆட்டுத்தோலைத் தொட்டுப் பார்க்கக் கை துடித்தது, கண்ணாடி.

தொடாமலே தெரிந்த ஒன்று உண்டு. மேலங்கியில் வெளுத்த பட்டையும் கருத்த பட்டையும் மாறி மாறி வருகின்றன. குளிருக்கு இது தேவையில்லை. எந்தத் தோல் கிடைத்ததோ அதைச் சேர்த்தவர், கோடு நேராக வருமாறு சேர்த்திருக்கிறார். தையல் நரம்பிழையில், விளிம்போடு விளிம்பாக, இடைவெளி சீராக. நான் தினமும் அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று எண்ணுகிறவள். இந்தக் கையை எங்கள் லைனில் முதல் மேஜையில் உட்கார வைப்பேன். ஆனால் அதே அங்கியில் வேறு சில இடங்களில் கிழிசலைப் புல் திரித்த நூலால் இழுத்துக் கட்டியிருக்கிறது. கரடுமுரடு. ஒட்டு நிற்க வேண்டும் என்பது மட்டுமே நோக்கம். அங்கியைச் செய்தவர் ஒருவர், வழியில் அதைத் தைத்துக்கொண்டவர் வேறொருவர் என்று நிபுணர்கள் சொல்கிறார்கள். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. இரண்டாவது கை ஓட்ஸியுடையதாகத்தான் இருக்கும். குத்தூசி அவர் இடுப்பில் இருந்தது. நூலை அவர் தேட வேண்டியதில்லை. குனிந்தால் புல்.

செருப்பிலும் இதே கணக்கு. அடிப்பாகம் கரடித்தோல், மேல்பாகம் மான்தோல். உள்ளே லிண்டன் மரப்பட்டை நாரில் பின்னிய வலை. வலைக்கும் தோலுக்கும் நடுவே காய்ந்த புல்லைத் திணித்திருக்கிறார்கள். நாங்கள் இன்று லைனிங், இன்சோல், ஃபோம் என்று மூன்று சப்ளையரிடம் வாங்குவதை அந்தப் புல் செய்திருக்கிறது. செக் நாட்டில் ஸ்லின் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் காலணித் தொழில்நுட்பப் பேராசிரியராக இருந்த பெத்ர் ஹ்லாவாசெக் இதே செய்முறையில் நகல் செருப்புகள் செய்து மலையேறிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நடந்தவர்கள் திருப்தியாகச் சொன்னார்கள், கொப்புளம் இல்லை, பிடிமானம் நன்று என்று. புல் நனைந்தால் என்ன செய்வது என்று கேட்கத் தோன்றும். எடுத்துப் போட்டுவிட்டு வேறு புல் வைப்பதுதான்.

இப்படி ஒவ்வொரு பொருளாகப் பார்த்து வந்தபோது எனக்குள் ஒரு வரிசை தானாகப் பிரிந்தது. குடுவைக்குப் பட்டை, தணலுக்கு இலை, பஞ்சுக்குக் காளான், முதுகுச்சட்டத்துக்கு ஹேசல் கம்பும் லார்ச் பலகையும், வலைக்கு நார், ஒட்டுக்குப் புல், கட்டுக்கு நரம்பு. எல்லாம் போகிற வழியில் திரும்பக் கிடைப்பவை. அவற்றில் அவர் தாராளமாக இருந்திருக்கிறார், கெட்டால் கெடட்டும் என்ற தைரியம் செய்பொருளிலேயே தெரிகிறது. வழியில் கிடைக்காதவை இரண்டுதான்: கல்லும் செம்பும்.

செம்பு நன்றாகவே இருந்தது. 60 சென்டிமீட்டர் நீள யூ மரக் கைப்பிடி, கிளை பிரியும் இடத்தைக் கவனமாகத் தேர்ந்து வெட்டியது. அதில் 9.5 சென்டிமீட்டர் செம்பு அலகைப் பொருத்தி, பிர்ச் பிசின் பூசித் தோல்வாரால் இறுக்கியிருக்கிறார்கள். 99.7 சதவீதச் சுத்தமான செம்பு. அது எங்கள் மலைச் செம்பாகத்தான் இருக்கும் என்று அந்தப் பக்கத்தார் வெகுநாள் நம்பினார்கள்; 2017-இல் ஈயத்தின் கூறுகளை ஒப்பிட்டபோது, கனிமம் தெற்கே டஸ்கனியிலிருந்து வந்தது என்று தெரிந்தது. பல கை மாறி வந்திருக்க வேண்டும். ஓட்ஸி கொல்லப்பட்டவர்; அத்தனை மதிப்புள்ளதைக் கொன்றவன் எடுத்துப் போகவில்லை. ஏன் என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். நான் அதற்குள் போகவில்லை.

கல்தான் விஷயம். ஆஷ் மரக் கைப்பிடி போட்ட ஒரு குத்துவாள், மொத்தமே 13 சென்டிமீட்டர், முனை உடைந்தது. அதற்கு லிண்டன் நாரில் நேர்த்தியாகப் பின்னிய உறை; வாளைவிட உறையில் அழகு அதிகம். கூடவே ஒரு சின்னக் கருவி. முதலில் பார்க்கிறவர்கள் தடித்த பென்சில் என்பார்கள். லிண்டன் குச்சிக்குள் தீயில் இறுக்கிய மான்கொம்பு முளையைச் செருகியிருக்கிறது. கல்லின் விளிம்பில் வைத்து அழுத்தினால் சில்லு தெறிக்கும், விளிம்பு மறுபடி கூராகும். முளை தேய்ந்தால் பென்சில் சீவுவதுபோல மரத்தைச் சீவிக்கொள்ளலாம். தீட்டும் கருவியையே தீட்டிக்கொள்ளும்படி செய்தவர் என் மரியாதைக்குரியவர்.

அந்தக் கருவிக்கு வேலை மிக அதிகமாக இருந்திருக்கிறது. உர்சுலா வியரரும் அவருடைய குழுவினரும் 2018-இல் எல்லாக் கற்களையும் நுணுக்கிப் பார்த்து எழுதினார்கள். கற்கள் குறைந்தது மூன்று வெவ்வேறு பகுதிகளிலிருந்து வந்தவை, சில 70 கிலோமீட்டர் தொலைவிலிருந்து. தேய்மானத்தின் பக்கத்தை வைத்து அவர் வலக்கைக்காரர் என்றார்கள். சுரண்டி, துளைக்கல், குத்துவாள் எல்லாம் திரும்பத் திரும்பத் தீட்டியதில், இனித் தீட்ட இடமில்லாத அளவுக்குச் சிறுத்துவிட்டன. புதிதாக உடைத்துச் செய்ய மூலக்கல் ஒரு துண்டுகூட இல்லை. கொஞ்ச காலமாகவே அவருக்குப் புதுக்கல் கைக்கு எட்டவில்லை என்பது அவர்கள் முடிவு. போதாததற்கு வலக்கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஆழமான வெட்டு, சாவதற்குச் சில நாள் முன்னால் பட்டது. தீட்டுகிற கை அது.

இந்தக் கணக்கோடு வில்லையும் அம்பையும் பாருங்கள். யூ மரத்தில் 1.82 மீட்டர் வில், அவரைவிட ஒரு சாண் உயரம், செதுக்கி முடியவில்லை, நாண் மாட்ட வெட்டு இல்லை. தூணிக்குள் இரண்டு மீட்டர் நீளத்துக்கு விலங்கு நரம்பில் முறுக்கிய கயிறு இருந்தது. நாணாகத்தான் இருக்கும் என்று சில வருஷங்களுக்கு முன்பு ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். மான்கொம்புத் துண்டுகளும் நாரில் கட்டி வைத்திருந்தன. தண்டுகள் 14. இறகும் கல்முனையும் வைத்து முடித்தவை இரண்டு, அவையும் உடைந்தவை. மிச்சம் 12 வெறும் தண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கை. உடைந்ததையெல்லாம் சண்டையில் உடைந்தது என்று எழுதித் தள்ளியவர்கள் நிறைய. 2022-இல் லார்ஸ் பிலோ முதலிய பனித்தொல்லியலாளர்கள் அதை மறுத்தார்கள்: பனி உருகி உறைந்து நகர்ந்ததிலேயே பொருள்கள் உடையும், இடம் பெயரும் என்று. அவர்கள் சொல்வது நியாயம். உடைப்பை வைத்து நான் எதையும் சொல்லவில்லை. ஆனால் பனி கல்லைத் தீட்டாது. பனி புல்லால் ஒட்டுப் போடாது. 12 தண்டுக்கு முனை இல்லாததும் பனியின் வேலை அல்ல.

வைபர்னம் தண்டு எத்தனை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம், வெட்டியும் இருக்கிறார். பிசின் உண்டு, நார் உண்டு, நாண் உண்டு. சாப்பாட்டுக்கும் குறையில்லை; மலையாட்டு இறைச்சியும் கோதுமையும் வயிற்றில் இருந்தன, செத்ததற்குக் கொஞ்ச நேரம் முன்னால் சாப்பிட்டது. கல்லுக்குத் தெற்கே இறங்கியிருக்க வேண்டும். வயிற்றிலும் குடலிலும் இருந்த மகரந்தம் காட்டுவது, அவர் கடைசி இரண்டு நாளில் மேலேயிருந்து பள்ளத்தாக்குக்கு இறங்கித் திரும்ப மேலே ஏறினார் என்று. எதற்காக இறங்கினாரோ அது கல்லுக்காக இல்லை, அல்லது கல் கிடைக்கவில்லை.

உடம்பை எடுத்துப் பத்து வருஷம் ஆய்ந்த பிறகுதான், 2001-இல், போல்சானோ மருத்துவமனையின் எக்ஸ்ரேயில் அவருடைய இடது தோளுக்குள் ஒரு அம்புமுனை தெரிந்தது. இரண்டு சென்டிமீட்டர் அளவு, பெரிய ரத்தக்குழாயை அறுத்திருந்தது. கல்முனை. எய்தவனிடம் கல் இருந்திருக்கிறது.