ஆஸ்பத்திரித் துபாஷி

துபாஷி என்ற சொல் நம் புதுச்சேரிக்குப் புதிதல்ல. துய்ப்ளேக்ஸ் துரைக்கு ஆனந்தரங்கப் பிள்ளை துபாஷியாக இருந்ததை எல்லோரும் அறிவோம். வியாபாரத்துக்கும் அரசாங்கக் காரியத்துக்கும் துபாஷி உண்டு. ஆஸ்பத்திரிக்கு?

1823-லேயே பிரெஞ்சுக்காரர்கள் இங்கே மருத்துவப் பள்ளி தொடங்கினார்கள். அதில் படித்த நம்மூர் டாக்டர்களுக்குப் பாடம் பிரெஞ்சு என்றாலும் வீட்டில் தமிழ். அவர்களிடம் நோயாளி தன் பேச்சிலேயே சொல்லலாம். தமிழ் தெரியாத டாக்டரிடம் போனால்தான் சங்கடம்.

1960 வாக்கில் அப்படி ஒரு டாக்டரிடம் ஆயாவை அழைத்துப் போனார்கள். பிரெஞ்சுப் பள்ளியில் படிக்கிறேன் என்று என்னையும் கூட்டிக்கொண்டார்கள். "நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லுடா" என்றார் ஆயா. நெஞ்சுக்குக் 'கேர்' என்ற சொல்தான் எனக்கு நினைவு வந்தது. "மால் ஓ கேர்" என்றேன். டாக்டர் தலையாட்டிவிட்டு வயிற்றுக்கு மருந்து எழுதினார். பிறகு டாக்டர் கேட்ட ஒரு கேள்வியை ஆயாவிடம் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. நானே "இல்லை" என்று சொல்லிவிட்டேன்.

பல மாதம் கழித்து வகுப்பில்தான் தெரிந்தது: பிரெஞ்சுக்காரர் 'மால் ஓ கேர்' என்றால் குமட்டல் என்று பொருள். மார்வலிக்கு 'புவாத்ரீன்' என்ற சொல்லைச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் ஆயா போய்விட்டார். என் மொழிபெயர்ப்பால்தானா என்று சொல்ல இன்று யாருமில்லை. வீட்டிலும் நான் வாய் திறக்கவில்லை.

ஊரில் ஆட்சி 1954-ல் கைமாறியது. பழைய மருத்துவப் பள்ளி 1956-ல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாகி, 1964-ல் ஜிப்மர் ஆயிற்று. பிரெஞ்சு இருந்த இடத்துக்கு ஆங்கிலம் வந்தது. பல மாநிலத்து டாக்டர்களும் வந்தார்கள். கிராமத்து நோயாளியின் 'மயக்கம்' மட்டும் மாறவில்லை. தலைசுற்றலும் மயக்கம்தான், நினைவு தப்புவதும் மயக்கம்தான். 'உடம்பு சூடு' என்பதைக் காய்ச்சல் என்று எழுதிவிட்டால் வைத்தியமே வேறாகிவிடும்.

இன்றும் மகனோ பேத்தியோதான் துபாஷி. வேண்டாததை விழுங்குகிறார்கள், கெட்ட சேதியை மறைக்கிறார்கள். எல்லாம் பாசத்தால்தான். ஆனால் உடம்பு நோயாளியுடையது அல்லவா? அதைப் பற்றிய சேதியும் அவருடையதுதானே?

நண்பர்களே, யாருக்காவது துணைக்குப் போனால் அவர் சொன்னதை அப்படியே சொல்லுங்கள். வலிக்கும் இடத்தை அவர் விரலாலேயே காட்டச் சொல்லுங்கள். ஒரு சொல் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். எனக்கு அன்று அது தோன்றவில்லை.