டிஃப் லொக் போடலாமா?

மாமாகிட்ட ஒரு பழைய லாண்ட் ரோவர் இருக்கு. பசறைக்கு மேலே உள்ள தோட்டத்திலிருந்து டவுனுக்கு மரக்கறி மூட்டை, சிமெந்து, கல்யாண வீட்டுக் கதிரை எல்லாம் அதில்தான் போகும். ராத்திரியில் யாருக்காவது பிரசவ வலி வந்தாலும் அதேதான்.

போன ஐப்பசி மழையில் அப்படி ஒரு அக்காவை ஏற்றிப் போகும்போது, ஒரு வளைவில் பின்சக்கரம் கானுக்குள் இறங்கிவிட்டது. மற்றப் பின்சக்கரம் அந்தரத்தில். முன்சக்கரம் ஒன்றும் சேற்றில். ஃபோர் வீல் போட்டும் வண்டி அசையவில்லை. லயத்து ஆட்கள் வந்து தள்ளித்தான் ஏற்றினார்கள். தாயும் பிள்ளையும் நலம். ஆனால் அன்றிலிருந்து வீட்டில் ஒரே பேச்சு: "டிஃப் லொக் போடுவமா, வேணாமா?"

முதலில் டிஃபரன்ஷல் எதற்கு என்று பார்ப்போம். வளைவில் வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும், உள்சக்கரம் குறைவாக. இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பற்சக்கரக் கூட்டம்தான் டிஃபரன்ஷல். பிரான்சில் பெக்கர் என்ற கடிகாரத் தொழிலாளி 1827இல் நீராவி வண்டிக்காக இதற்குக் காப்புரிமை பெற்றார். இதில் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு சக்கரத்துக்கும் ஒரே அளவு முறுக்குவிசைதான் போகும். அந்தரத்தில் தொங்கும் சக்கரத்தைச் சுற்ற விசையே வேண்டியதில்லை. அதனால் தரையில் நிற்கிற சக்கரத்துக்கும் அந்தச் சொற்ப விசைதான் கிடைக்கும்.

டிஃப் லொக் போட்டால் இரண்டும் ஒன்றாகவே சுற்றும், பிடிமானம் உள்ள சக்கரம் வண்டியை இழுக்கும். இது நமக்குப் புதுசு இல்லை. தோட்டத்து ட்ரக்டர் பலதில் காலால் மிதிக்கும் டிஃப் லொக் இருக்கு. சேற்றில் மிதிப்பார்கள், வெளியே வந்ததும் விட்டுவிடுவார்கள்.

கராஜ் பாஸ் தயங்கினதுக்குக் காரணம் வேறு. "தம்பி, பூட்டின வண்டி வளையாது, நேராத்தான் போகப் பார்க்கும். ஈரமான சரிவுல ரெண்டு சக்கரமும் ஒன்னா வழுக்கினா வண்டி பக்கவாட்டுல பள்ளத்துக்கு இறங்கும். பழைய எக்சல் தண்டும் முறியும். இறக்கத்துல பிரேக்குக்கு இது உதவாது." ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம் என்று இருக்கிற ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

சரி, நம்ம ரோடு ஏன் இப்படி? இதற்குப் பதில் இயந்திரத்தில் இல்லை, வரலாற்றில் இருக்கு.

ஊவாவில் தேயிலை வெளியே போக வேண்டும் என்றபோது மலையையே குடைந்தார்கள். 1894இல் ரயில் பண்டாரவளைக்கு வந்தது. 1921இல் தெமோதரைக்குக் கிட்ட ஒன்பது வளைவுப் பாலம். தெமோதரையில் பாதை ஒரு சுற்றுச் சுற்றித் தன் அடியிலேயே நுழைந்து போகும். 1924இல் ரயில் பதுளையைத் தொட்டது. தோட்டத்துக்குள்ளும் அப்படித்தான்: கொழுந்து தொழிற்சாலைக்குப் போகிற ரோடு ஒழுங்காக இருக்கும், லயத்துக்கு ஏறுகிற ரோடு கல்லும் குழியும்.

1948இல் லாண்ட் ரோவர் உலகத்துக்கு அறிமுகமானது. பிறகு துரைமாரோடு இலங்கைத் தோட்டங்களுக்கும் வந்தது. அதே 1948இல்தான் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டமும் வந்தது. மலையகத் தமிழரில் பெரும்பாலானோர் நாடற்றவரானார்கள், அடுத்து வாக்கும் போனது. வாக்கு இல்லாதவர் ரோடு கேட்டால் யார் காதில் விழும்?

குடியுரிமை கிடைக்கத் தொடங்கிய பிறகும் ஒரு பூட்டு இருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம், 33ஆம் பிரிவு. தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணத்தைச் செலவழிக்க அது தடையாக நின்றது. நாம் வாக்களித்துச் சபைக்கு உறுப்பினரை அனுப்பலாம், ஆனால் அவர் நம்ம லயத்து ரோட்டுக்குக் கல் போட முடியாது. 31 வருஷம் கழித்து, 2018இல்தான் அதைத் திருத்தினார்கள்.

ஆக, மாமா தன் காசில் பூட்டப் பார்க்கும் டிஃப் லொக், அரசும் கம்பனியும் போடாத ரோட்டுக்கான செலவு. இதைச் சொன்னதும் மாமா சிரித்தார். "அது சரிடா. அடுத்த மழைக்கு யாருக்காவது வலி வந்தா, சட்டப் பிரிவைக் காட்டியா வண்டிய ஏத்துறது?"

அவர் கேட்டதும் நியாயம்தான். அதனால் எங்கள் முடிவு இது. முதலில் நல்ல மண் டயர் நான்கு, பிரேக் வேலை. அதற்குப் பிறகு பின் எக்சலுக்கு மட்டும் லொக். அதுவும் தானாகப் பூட்டுகிற வகை வேண்டாம், சாரதி நினைத்தபோது பூட்டித் திறக்கிற வகை. முன்னுக்கு வேண்டாம், பூட்டினால் ஸ்டியரிங் திருப்பவே கஷ்டம்.

கூடவே இன்னொரு வேலை. அந்த வளைவின் கானைக் கட்டித் தரச் சொல்லிப் பிரதேச சபைக்கு ஒரு கடிதம், 2018 திருத்தத்தைக் குறிப்பிட்டு. லயத்தில் கையெழுத்து வாங்கத் தொடங்கிவிட்டோம். முதல் கையெழுத்து அந்த அக்காவுடையது. உங்கள் தோட்டத்து ரோடு யாருடைய பொறுப்பில் இருக்கு என்று நீங்களும் ஒரு தடவை விசாரித்துப் பாருங்க.