ஆறு மாசத்துக்கு ஒரு கடுதாசி

நெல்சன் மண்டேலா என்றாலே 27 வருஷம் ஜெயிலில் இருந்தவர் என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். அந்த 27 வருஷத்தில் ஒரு நாள் எப்படி விடிந்து எப்படி அடைந்தது என்பதைத்தான் நாம அதிகம் பேசுவதில்லை.

1964 ஜூனில் ஆயுள் தண்டனை கொடுத்து, கேப்டவுனுக்கு எதிரே கடலுக்குள் இருக்கும் ராபன் தீவில் கொண்டுபோய் அடைத்தார்கள். மூணு எட்டு வைத்தால் சுவர் இடிக்கும் அறை. மலஜலத்துக்கு ஓர் இரும்பு வாளி. அஞ்சரை மணிக்கு எழுப்பிவிட்டாலும் கதவு திறக்க ஆறேமுக்கால் ஆகிவிடும். சாப்பாடு மக்காச்சோளக் கூழ். அதிலும் நிறம் பார்த்துத்தான் அளந்தார்கள். ஒரே வழக்கில் ஒரே தண்டனை வாங்கி வந்த அகமது கத்ராடாவுக்கு, இந்திய வம்சாவளி என்பதால் முழுக்கால் சட்டையும் ரொட்டியும். மண்டேலாவுக்கு அரைக்கால் சட்டை, ரொட்டி கிடையாது.

பிறகு சுண்ணாம்புக்கல் குவாரி. கடப்பாறையும் மண்வெட்டியும்தான். வெள்ளைப் பாறையில் வெயில் பட்டு எதிரடிக்கிற வெளிச்சத்தில் கண் கெட்டுப் போனது. கறுப்புக் கண்ணாடி கேட்டவர்களுக்கு அதைக் கொடுக்கவே வருஷக்கணக்கில் இழுத்தடித்தார்கள்.

உடம்பு வருத்தத்தைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். வெளியே என்ன நடக்குதுன்னு தெரியாமல் கிடப்பதுதான் கொடுமை. ஆரம்ப காலத்தில் ஆறு மாசத்துக்கு ஒரு கடிதம், ஒரு பார்வையாளர். கடிதம் 500 வார்த்தைக்கு மேல் போகக் கூடாது. நெருங்கிய குடும்பத்தாருக்கு மட்டும்தான், நண்பர்களுக்குக் கிடையாது. வருகிற கடிதத்தில் பிடிக்காத வரிகளை மையால் அடித்தார்கள். கைதிகள் மையைக் கழுவிப் படிக்கக் கற்றுக்கொண்டதும், பிளேடால் வெட்டி எடுக்க ஆரம்பித்தார்கள். ஒரு பக்கத்தில் வெட்டினால் பின்பக்க வரியும் சேர்ந்து போய்விடுமே! கையில் கிடைப்பது சல்லடை மாதிரி ஒரு காகிதம். மனைவி வின்னி நேரில் வந்தாலும் தாய்மொழியில் பேசத் தடை, குடும்ப விஷயம் தவிர வேறு பேசவும் தடை. 1968இல் தாய் இறந்தார், அடுத்த வருஷம் மூத்த மகன் கார் விபத்தில் போனான். இரண்டு அடக்கத்துக்கும் போக விடவில்லை.

சட்டம் அடைத்த வழியைத் தீப்பெட்டி திறந்தது. வார்டர்கள் தூக்கிப் போட்ட காலித் தீப்பெட்டிகளைப் பொறுக்கி, அடியில் இன்னொரு போலி அடித்தட்டு செய்து, நடுவில் பொடி எழுத்தில் எழுதிய சீட்டை வைத்து, மற்ற பிரிவுக் கைதிகள் நடக்கும் பாதையில் போட்டுவிடுவார்கள். மழை பெய்தால் சீட்டு போச்சு. சாப்பாட்டு டிரம்மின் அடியிலும் சீட்டு போய்வந்தது. ஒரு கைதிக்கு வயித்துப்புண் என்று கொடுத்த பாலைத் தொட்டும் எழுதினார்கள். காய்ந்தால் வெறும் காகிதம், அறை கழுவும் மருந்தைத் தெளித்தால் எழுத்து மேலே வரும். வெளியில் இருந்து புதிதாக வருகிற கைதிதான் இவர்களுக்கு நியூஸ் பேப்பர். விதிகள் தளர்ந்த பிறகு, டர்பனில் இருந்த பாத்திமா மீர் போன்ற நண்பர்களுக்கும் கடிதம் எழுதினார். அது போய்ச் சேருமா என்ற சந்தேகத்தில், எழுதியதையெல்லாம் ஒரு நோட்டில் பிரதி எடுத்து வைத்தார். அந்த நோட்டுகளையும் அறையில் இருந்து எடுத்துக்கொண்டு போனார்கள். 2004இல்தான், பழைய போலீஸ்காரர் ஒருவர் மூலமாக அவை திரும்பி வந்தன.

இனி நம்ம சங்கதிக்கு வரேன். முற்றத்தில் சுவரோரம் ஒரு துண்டு நிலம் கேட்டார் மனுஷன். பல வருஷம் மறுத்துவிட்டுத்தான் கொடுத்தார்கள். மண்ணா அது? கல்லும் குப்பையும் கொட்டி நிரவிய இடம். பகலெல்லாம் குவாரியில் கல் உடைத்துவிட்டு, சாயங்காலம் வந்து இங்கே கல் பொறுக்கினார். கூட இருந்தவர்கள் கேலி செய்தார்கள். தக்காளி, மிளகாய், வெங்காயம் வந்தது. வேர்க்கடலை மட்டும், மண்ணை மாற்றியும் உரத்தை மாற்றியும் வரவே இல்லை. அந்த மண்ணில் கடலையை இறக்கப் பார்த்தாரே, அந்தத் தைரியத்தைச் சொல்லணும். நல்ல தக்காளியும் வெங்காயமும் காவல் காத்த வார்டர்களுக்கும் போனது.

ஒரு தக்காளிச் செடியைப் பற்றி வின்னிக்கு இரண்டு கடிதம் எழுதினார். நாற்றிலிருந்து வளர்த்து, சிவப்பாகக் காய்த்து, பிறகு ஏதோ கவனக்குறைவால் வாடி, என்ன செய்தும் தேறாமல் செத்துப்போன செடி. அதைப் பிடுங்கி, வேரைக் கழுவி, தோட்டத்து மூலையில் புதைத்ததாக எழுதினார். ஊரில் பிள்ளைகளோடும் போலீஸ் கெடுபிடியோடும் தனியாகக் கிடந்த மனைவியிடம், நம்ம உறவும் இப்படி ஆகிவிடக் கூடாது என்று வேறு எப்படிச் சொல்வது? பிளேடோடு உட்கார்ந்திருந்தவனுக்கு அதில் வெட்ட என்ன இருக்கிறது, தக்காளிதானே.

1982இல் தீவிலிருந்து நிலப்பகுதியில் உள்ள போல்ஸ்மூர் ஜெயிலுக்கு மாற்றினார்கள். அங்கே மொட்டை மாடியில் எண்ணெய் டிரம்களைப் பாதியாக அறுத்து, 32 தொட்டியில் மண் நிரப்பிக் கொடுத்தார்கள். வெங்காயம், கத்தரி, முட்டைக்கோஸ், பீன்ஸ், கேரட், ஸ்ட்ராபெரி என்று கிட்டத்தட்ட 900 செடிகள். ஞாயிற்றுக்கிழமை ஜெயில் சமையலுக்கு அங்கிருந்துதான் காய் போனது. வார்டர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகப் பை எடுத்து வந்தார்கள்.