பல் கிளிப் எப்படி கண்ணுக்கு மறைஞ்சுது? ஒரு 300 வருஷக் கதை (இழை)

1/
"டாக்டர், வயசு 35 ஆச்சு. இனி பல்லுக்கு கிளிப் போட முடியுமா? வெளியே தெரியாம போட முடியுமா?"

களியக்காவிளையில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மருந்து எழுத வருபவர்கள்கூட இப்போது இதைக் கேட்கிறார்கள். கல்ஃபிலிருந்து இரண்டு மாத லீவில் வந்தவர்களும், கல்யாணம் நிச்சயமானவர்களும் இதில் அதிகம்.

நான் பொது மருத்துவர். கிளிப் போடுவது பல் சீரமைப்பு நிபுணரின் வேலை. ஆனால் இதன் வரலாறு தெரிந்தால் எதைத் தேர்வு செய்வது என்ற குழப்பம் பாதி தீரும். வாங்க பார்ப்போம்.

2/
1728, பிரான்ஸ். பியர் ஃபோஷார் என்ற பல் மருத்துவர் தன் புத்தகத்தில் ஒரு உலோகப் பட்டையைப் பற்றி எழுதுகிறார். பட்டையில் துளைகள். அதன் வழியே நூலால் பற்களைக் கட்டி இழுப்பார். வெளியே தெரியுமே என்ற கவலை எல்லாம் அன்று இல்லை.

3/
சரி, பல் எப்படி நகருது?

1904-ல் ஸ்வீடனின் கார்ல் சாண்ட்ஸ்டெட் நாய்களின் பற்களில் ஆராய்ந்து காட்டினார். அழுத்தம் படும் பக்கம் எலும்பு கரையும். எதிர்ப்பக்கம் புது எலும்பு உருவாகும். அந்த இடைவெளியில்தான் பல் நகருது.

வேகம்? மாதத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். இதை மனசுல வச்சுக்கோங்க.

4/
அமெரிக்காவின் எட்வர்ட் ஆங்கிள் இதைத் தனித் துறையாக வளர்த்தார். 1899-ல் அவர் வகுத்த பல்வரிசை வகைப்பாடு இன்றும் புழக்கத்தில் உள்ளது. ஆனால் அந்தக் காலத்தில் பல்லைச் சுற்றி மோதிரம் மாதிரி உலோக வளையம் மாட்டணும். சிரிச்சா வாய் முழுக்க உலோகம்தான்!

5/
நம்ம பக்கம்?
1953-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவப் பிரிவு தொடங்கியது. 1956-ல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. 1959-ல் திருவனந்தபுரம் அரசு பல் மருத்துவக் கல்லூரி வந்தது. நமக்கு சென்னை எங்கே, திருவனந்தபுரம் எங்கே! பஸ் ஏறினா போதும். இன்று குலசேகரத்திலேயே பல் மருத்துவக் கல்லூரி இருக்கு.

6/
திருப்புமுனை 1955. மைக்கேல் புவோனோகோர், பல் எனாமலில் அமிலம் தடவினால் பசை நன்றாகப் பிடிக்கும் என்று கண்டார். அதற்குப் பிறகுதான் வளையம் போய், சின்ன பிராக்கெட்டைப் பல்லில் நேராக ஒட்டும் முறை வந்தது.

7/
ஒட்ட முடியும் என்றால் உள்பக்கம் ஒட்டினால் என்ன?

1970-களில் ஜப்பானின் கின்யா ஃபுஜிதாவும் அமெரிக்காவின் கிரேவன் குர்ஸும் தனித்தனியே இதைச் செய்தார்கள். ஃபுஜிதாவின் நோக்கம் அழகு அல்ல. தற்காப்புக் கலை வீரர்களுக்கு அடிபட்டால் உதடு கிழியக்கூடாது என்பதுதான். இதுவே லிங்குவல் கிளிப்.

1980-களில் பல் நிறத்தில் செராமிக் கிளிப் வந்தது.

8/
1945-லேயே ஹெரால்ட் கெஸ்லிங் ரப்பர் உறையால் பல்லைக் கொஞ்சம் நகர்த்திக் காட்டியிருந்தார். அடுத்தடுத்து பல உறைகள் செய்ய அன்று வசதி இல்லை.

கம்ப்யூட்டர் அதைச் சாத்தியமாக்கியது. 1997-ல் ஜியா சிஷ்டியும் கெல்சி விர்த்தும் தொடங்கிய நிறுவனத்தின் தயாரிப்புதான் இன்விசலைன். இன்று அலைனர் என்கிறோமே, அந்தக் கண்ணாடி போன்ற உறை.

9/
எது யாருக்கு?

செராமிக்: சிக்கலான வரிசைக்கும் ஆகும். அருகில் வந்தால் தெரியும். உடையலாம்.

லிங்குவல்: வெளியே தெரியவே தெரியாது. செலவு அதிகம். முதல் சில வாரம் நாக்கு உரசும், பேச்சு குழறும்.

அலைனர்: கழற்றிச் சாப்பிடலாம், துலக்கலாம். அடிக்கடி நேரில் வர முடியாதவர்களுக்கு வசதி. ஆனால் தினம் 20 முதல் 22 மணி நேரம் போடணும். டீ குடிக்க கழற்றி மறந்துவிடுபவருக்கு ஒத்து வராது.

10/
இப்போ அந்த 1 மில்லிமீட்டருக்கு வருவோம்.

300 வருஷத்தில் கம்பியை மறைத்தோம். எலும்பை அவசரப்படுத்த முடியவில்லை. எனவே "கல்யாணத்துக்குள்ள ரெண்டே மாசத்துல எல்லாம் நேராகிடும்" என்றால் நம்பாதீங்க.

எந்த வயதிலும் பல் நகரும். ஆனால் ஈறும் எலும்பும் ஆரோக்கியமாக இருக்கணும். ஈறில் ரத்தம், ஆடும் பல், கட்டுப்படாத சர்க்கரை இருந்தால் முதலில் அதற்குச் சிகிச்சை. இல்லாவிட்டால் இழுக்கிற பல்லே கையோடு வந்துவிடும் ஆபத்து உண்டு.

11/
டாக்டரை நேரில் பார்க்காமல் பார்சலில் வரும் அலைனரில் இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. எக்ஸ்ரே இல்லை, ஈறு பரிசோதனை இல்லை. அமெரிக்காவின் ஸ்மைல் டைரக்ட் கிளப் 2023 டிசம்பரில் மூடப்பட்டது. சிகிச்சை பாதியில் இருந்தவர்கள் நடுவழியில் நின்றார்கள்.

12/
நிபுணரிடம் மூன்றே கேள்வி கேளுங்க:
என் ஈறும் எலும்பும் தயாரா?
மொத்தம் எத்தனை மாதம்?
முடிந்தபின் ரீடெய்னர் எவ்வளவு காலம் போடணும்?

கடைசிக் கேள்வியை விட்டுடாதீங்க. ரீடெய்னர் போடாவிட்டால் பல் பழைய இடத்துக்கே கிளம்பிடும்.

இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தபிறகு, எதை மறைக்கலாம் என்று நிதானமா பேசலாம்.